நல்லாத்தான் இருக்கா

திண்டிவனம் அத்தைக்கு மஸ்கட்லேர்ந்து பூவரசன் வணக்கம். உங்க முட்டிவலி தேவலையா? மாமா சுகர் மாத்திரை போட்டுக்கினு இருக்காரா? போன்ல பேசினா கத்திடுவேன். அதான் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பறேன்.

கம்பெனில இங்கிலீஷ் கிளாஸ் வெச்சிருக்காங்க. நேத்து 'சே', 'டெல்' ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நடத்துனாங்க. வாயால எதைச் சொன்னாலும் 'சே'யாம். ஒரு ஆளுக்கு விஷயத்தைத் தெரியப்படுத்துனாத்தான் 'டெல்'லாம். சார் என்னை எழுப்பி உதாரணம் கேட்டாரு.

"என் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கான்னு அத்தை தெனம் சொன்னாங்க. டெங்குன்னு எனக்குத் தெரியப்படுத்தல"ன்னேன்.

"ஏன்பா?"

"தூரத்துல இருக்கறவன் பயந்துடுவானாம்."

கிளாஸே சிரிச்சிது. மீதியை நான் அவங்களுக்குத் தெரியப்படுத்தல.

பயந்திருந்தா அன்னிக்கே ஃப்ளைட் ஏறியிருப்பேன் அத்தை. கலைப்பிரியா உசுரோட இருக்கும்போதே வந்திருப்பேன். பொணத்தைப் பாக்கவா ஓடி வந்தேன்?

இப்ப உங்ககிட்ட இருக்கற எம் பாப்பாவுக்கு லேசா ஜுரம்னு சொல்றீங்க. லேசான்னா எவ்ளோ? நான் மீட்டர் பாக்கற டெக்னீஷியன், எனக்கு ரீடிங் வேணும். தெர்மாமீட்டரை காலைல, சாயந்திரம் போட்டோ எடுத்து அனுப்புங்க.

கலைப்பிரியா போனுக்கு ரீசார்ஜ் பண்ணியிருக்கேன். சார்ஜ்லயே வெச்சிருங்க, ஆஃப் பண்ணாதீங்க. நான் அடிச்சா எடுக்க வேணாம், ரிங் போறது கேட்டாப் போதும்.

ஷிஃப்ட் வண்டி வந்துடுச்சி. ஜுரம் ஏறினா ஏறிச்சின்னே எழுதுங்க. நான் பயந்துக்கறேன்.

பூவரசன்