கொஞ்சம் தள்ளியிருந்த விரல்

மதினி,

மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை. திரும்பி வரும்போது, திருப்பத்தூரில் ஏறிய ஒரு பெண் மரிக்கொழுந்துக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்த வாசனை பட்டதும், உங்கள் வைத்தியக் கட்டிலில் படுத்திருப்பதுபோல் என் கால்கள் இறுகிக்கொண்டன. சீன வைத்தியத்தில் இதே இனத்துச் செடி ஒன்றைக் காயவைத்துச் சுருட்டி, கங்காக்கி, தோலுக்குக் கிட்டே காட்டிச் சூடு ஏற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டே என் காலிலும் அதைக் காட்டினீர்கள். "நம்ம தலையில வக்கிறத அவுக தீயில வக்கிறாக" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கங்கு என் காலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போன பிறகு, நர்ஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, அக்குபஞ்சர் படித்து, கோவிலூர் சாலை வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டீர்கள். நான் முழங்கால் வலியோடு வந்தேன். முழங்காலைத் தொட்டுப் பார்ப்பீர்கள், ஒரு ஊசி குத்துவீர்கள், முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களோ தூக்கத்தைக் கேட்டீர்கள், வாயில் என்ன ருசி தங்குகிறது என்று கேட்டீர்கள், நாக்கை நீட்டச் சொன்னீர்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தீர்கள். பிறகு, எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று கேட்டீர்கள்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் அல்லவா, வரிசையாகச் சொன்னேன். ஓடும் பேருந்தின் படி, அகாலத்தில் அடிக்கும் போன், மகன் வண்டியை எடுக்கும் சத்தம், இடி, மருத்துவர் முகம் மாறுவது, இப்போது நீங்கள் எடுக்கப்போகும் ஊசி.

"கொழுந்தனாரே, எதுக்குப் பயமில்லன்னு கேட்டிருக்கணும். சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றீர்கள்.

அந்த வைத்தியக் கணக்கில் பயம் சிறுநீரகத்தைச் சேர்ந்தது, முழங்காலும் அதன் பொறுப்புதான், ஆகவே வலியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்று விளக்கினீர்கள். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அங்கே முடி போன்ற ஊசியை இறக்கினீர்கள். சக்தி ஓடும் பாதை என்று ஒன்று உடம்பில் இருப்பதற்கு என்ன சான்று என்று படுத்தபடியே கேட்டேன். அதை அப்புறம் பேசலாம், இப்போது காலை ஆட்டாமல் இருங்கள் என்றீர்கள். வலி குறைந்தது உண்மை. ஊசியால் குறைந்ததா, அவ்வளவு பொறுமையாக ஒருவர் என்னைக் கேட்டதால் குறைந்ததா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். சிகிச்சைக்கு வருகிறவர்கள், உங்கள் கையிலேயே ஊசி இருக்கும்போது கத்தி எதற்கு என்றார்கள். ஊசிக்கு உள்ள வேலை வேறு என்று சொல்லிவிட்டு நேராக மதுரைக்குப் போய்ப் படுத்துவிட்டீர்கள். துணைக்கு நான்தான் வர வேண்டும் என்றீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவனை எதற்கு அழைக்கிறாய் என்று உங்கள் தங்கை கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். 

அறுவை அறைக்கு வெளியே, தள்ளுவண்டியில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தீர்கள். கதவு திறக்கும் போதெல்லாம் உள்ளேயிருந்து வெள்ளை வெளிச்சமும் குளிரும் வந்தன. எத்தனையோ பேரை இப்படித் தள்ளிக்கொண்டு போனவர் நீங்கள். உங்கள் உதடு நடுங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பயமா இருக்கு. மத்தவுககிட்டச் சொன்னா தைரியம் சொல்லுவாக. நீங்க சொல்ல மாட்டீக. அதான் கூப்பிட்டேன்."

போர்வையிலிருந்து பாதத்தை வெளியே நீட்டினீர்கள். அந்தப் பள்ளத்தைத் தேடிக் கட்டைவிரலை வைத்தேன். குதிகால் சில்லென்றிருந்தது. இடம் சரிதானா என்று கேட்டேன்.

"கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. பரவால்ல, கைய எடுக்காதீக."

எடுக்கவில்லை. கதவுவரை வண்டியோடு கூடவே நடந்தேன். அங்கே ஒரு நர்ஸ் என் கையை விலக்கிவிட்டார்.

அன்று நீங்கள் உயிரோடுதான் திரும்பி வந்தீர்கள். ஆனால் கட்டி வேறிடங்களுக்கும் பரவியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டீர்கள்.

இப்போது என் முறை. மயக்க மருந்து கொடுத்த பிறகு விழிக்காமலே போனால் என்ற நினைப்பு, பல் துலக்கும்போதும் வருகிறது, சட்டை மாட்டும்போதும் வருகிறது. நேற்று பத்திரிகை படிக்கிறேன் என்று ஒரே வரியில் நின்றிருந்தேன். ரொம்பச் சின்ன ஆபரேஷன்தான், ஒன்றுமில்லை என்று மகன் நாள் குறித்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாவம், அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும், அவன் முன்னால் காலை நீட்டி அந்த இடத்தைக் காட்டப் போகிறேன். வியாழக்கிழமை கதவு வரைக்கும் இங்கே விரலை வைத்துக்கொண்டு வா, தைரியம் மட்டும் சொல்லாதே என்று கேட்கப் போகிறேன். இதைக் கேட்பதற்கும் பயமாகத்தான் இருக்கிறது, மதினி. ஆனாலும் கேட்டுவிடுவேன்.