யாரைக் கேட்டுப் போக வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், அவருடைய அம்மா, போனில் மகள். வேறு யாரும் இல்லை.

பிக்குவாகப் போகிறேன் என்று அறிவித்தார். மொட்டை, காவி, விகாரையில் வாசம், எல்லாம் சேர்த்துத்தான். பேருந்துப் பணிமனையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க வண்டிகளை நேரத்துக்கு அனுப்பி வைத்த மனிதர். ஓய்வு பெற்றதும் தானும் கிளம்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மகள், "அப்பா, விளையாடுறீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு சிக்னல் போனது. அல்லது அவள் போனாள்.

அத்தை கேட்டது ஒன்றுதான்: "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவியாடா?"

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 4

கூடத்துச் சுவரில் அவர் ஒட்டியிருக்கும் வரைபடத்தை இன்றுதான் நின்று பார்த்தேன். நடுவில் ஒரு அரச மரம். அதன் அடியில் ஒருவர் உட்கார்ந்து எழுந்த கதை எனக்கும் தெரியும். மரத்திலிருந்து சிவப்பு மையில் அம்புக்குறிகள். மலைக்கு மேலே, பாலைவனத்துக்குள், கடல் தாண்டி. பிக்குகள் போன வழியாம். வியாபாரிகள் கூடவே போனார்களாம். எழுத்து, மருந்து, சிற்பம், கதை எல்லாம் அந்த வழியில்தான் அங்கங்கே இறங்கினவாம்.

அம்புகள் எல்லாம் வெளியே போகின்றன. ஒன்றுகூட வீடு திரும்பக் காணோம்.

பசை போட்டு ஒட்டியிருக்கிறார். கிழித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

மார்ச் 5

ஆசைதான் துக்கத்துக்குக் காரணம் என்று படித்துக் காட்டினார். யார் மேல ஆசை, என்ன துக்கம் என்று கேட்டேன். "பொதுவாச் சொன்னது," என்றார்.

பொதுவா! முப்பத்திநாலு வருஷம் இந்த மனுஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டது பொதுவாவா? காய்ச்சல்ல கிடந்தப்போ கண் மூடாம உக்காந்தது பொதுவாவா? நான்தான் அந்தத் துக்கம்னா நேரா சொல்லிட்டுப் போகட்டுமே.

விளக்கேற்றினேன். சாமியிடம் என்ன கேட்பது? உன்னை விட்டு இன்னொரு சாமியிடம் போகிறார் என்று கோள் சொல்வதா? புத்தர் சாமியே இல்லை என்கிறார் அவர். சரி, சாமி இல்லாதவரிடம் போகிறார்.

மார்ச் 8

அவருடைய புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, படிப்பு நிற்கவில்லை. வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துக்கொண்டால் எதுவும் ஓடும்.

ஒன்று கிடைத்தது. புத்தரின் தகப்பனாருக்கு முதலில் மூத்த மகன் போனான். பிறகு இளைய மகன், அதுவும் கல்யாணச் சமயத்தில். கடைசியில் பேரன். அதன் பிறகுதான் கிழவர் புத்தரான அந்த மூத்த மகனிடமே போய், இனிமேல் பெற்றவர்களைக் கேட்காமல் யார் பிள்ளையையும் சேர்க்காதே என்று வரம் கேட்டிருக்கிறார். மகனும் அதை விதியாக்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் போகும்வரை வாய் திறக்காமல் இருந்திருக்கிறாரே! எங்கள் வீட்டில் முதல் ஆளுக்கே திறந்துவிடும்.

மார்ச் 9

விகாரைக்குப் போனேன். அவருக்குச் சொல்லவில்லை. பெரிய பிக்கு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விதி உண்மைதானாம். தகப்பன் இல்லை, தாய் இருக்கிறாள்; தாய் சரி என்றால்தான் சேர்ப்பார்களாம்.

"பொண்டாட்டி?" என்றேன்.

"பேசிட்டு வரச் சொல்வோம். ஆனா அது விதியில இல்லைம்மா."

என் விதியில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 11

அத்தைக்கு வெந்நீர் வைத்தேன். முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். குழையக் குழைய வடித்தேன்.

"என்னடி, ரெண்டு நாளா கவனிப்பு பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"புருஷன் கிளம்புறான்னதும் மாமியார் ஞாபகம் வந்துடுச்சாக்கும்."

சும்மா சிரித்தேன். வேறு என்ன செய்ய? பூனைக்கு மணி கட்டப் போனால் பூனையே மணியை வாங்கிப் பார்க்கிறது.

மார்ச் 12

அத்தை வெந்நீர் கேட்டார். வைத்தேன். சம்மதம் பற்றிப் பேச்சே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

விகாரை. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். பெரிய பிக்கு அத்தைக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகக் கேட்டார்: "உங்க மகன் துறவறம் போக உங்களுக்குச் சம்மதமா?"

அத்தைக்குக் காது கேட்கவில்லை. திரும்பக் கேட்டார். இந்தத் தடவை கேட்டது.

"இவன் என் கையில இருந்தா நான் தரலாம். இவ கழுத்துல தாலி கட்டின அன்னைக்கே இவ கையில குடுத்துட்டேன். குடுத்த பொருளை மறுபடி நான் எப்படி எடுத்துத் தர்றது? அவளைக் கேக்கச் சொல்லுங்க. அவ சரின்னா நானும் சரி."

பிக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் தரையைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில், "தைலத்துக்காகச் சொல்லலடி," என்றார் அத்தை. "அந்தத் தைலம் எரியுது. வேற வாங்கு."

மார்ச் 16

அத்தைக்கு எரியாத தைலம் வாங்கி வந்தேன். அவர் வரைபடத்துக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 19

அரிசி களைந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

"நான் போகட்டுமா?" என்றார்.

கேட்டுவிட்டார். தண்ணீர் வழிந்தது, குழாயை மூடினேன். இதற்கு நான் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"யோசிக்கணும்," என்றேன்.

அரிசியைத் திரும்பக் களைந்தேன். அவர் வாசலை விட்டு நகராமல் சொன்னார்: "மௌனம் சம்மதம்னு சொல்வாங்க."

"நான் மௌனமா இல்ல. யோசிக்கிறேன்."

மார்ச் 22

போங்க என்று ஒரு தாளில் எழுதினேன். வேண்டாம் என்று இன்னொன்றில். இரண்டும் என் கையெழுத்துதான். இரண்டிலும் எனக்குச் சம்மதம் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்னும் யோசிக்கிறேன். அவசரப்படவில்லை.

இந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் அவர் கூடத்தில், நான் உள்ளே. இப்போது நான் எந்த அறையில் இருக்கிறேனோ அந்த அறையில் அவருக்கு வேலை இருக்கிறது. நேற்று துணி மடித்தார். தலையணை உறையை அவ்வளவு சின்னதாக மடிக்கலாம் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கம் வருவதில்லை, வீட்டில் தன்னை யாரும் தேடுவதில்லை என்று தோன்றியது என்றார். பணிமனையில் ஒரு நிமிஷம் இல்லாவிட்டால் தேடுவார்களாம். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேக்கலையே என்றார்.

நான் கேட்கவில்லை. அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

"நீ என்ன சொன்னாலும் சரி," என்றார். "ஒரு பதில் சொல்லு. சீக்கிரம் சொல்லு."