கால் ஒடியாமல் இறங்கி வந்தவள்

அன்பு மகன் கோர்பினியனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இருமலும் நலம், அதற்கு அவரை விட்டுப்போக மனமில்லை. நீயும் டெஸாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி உன் அறை ஜன்னல் வரை வந்துவிட்டது. போன வாரம் தொலைபேசியில், உங்கள் கல்யாணத்துக்கு அப்பா மட்டும்தான் வருவார், நியூசிலாந்து வரை விமானமெல்லாம் எனக்கு ஆகாது என்று நான் சொன்னதும், நீ "சரிம்மா" என்றாய். அந்தச் சரிம்மாதான் என்னை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை. நீ கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாதவள் நான் என்று உனக்குத் தெரியும். சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருஷம், அதில் இருபத்தாறு வருஷமாக ரோப் கார் நிலையத்துச் சீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ஊரையே மேலே அனுப்புகிறேன், நான் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி. மேலே போன நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கித்தான் வீடு வருவார்கள், குளிர்காலத்தில் ரோப் கார் பெட்டியில் இறங்குவது கை கால் ஒடிந்தவர்கள் மட்டும்தானே. சறுக்கத் தெரியாத நான் ஏறினால் ஊர் பார்க்க அந்த நோயாளிப் பெட்டியில்தான் திரும்ப வேண்டும். மலை உச்சி விடுதியில் சமைக்கும் உன் அத்தை கிரெஸன்ஸ் இதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு என்ன வந்ததோ, இந்த மலையே ஏறாதவள் எப்படி அத்தனை தூரம் பறப்பாள், இன்றைக்கு ஏறிவிட்டால் மகன் கல்யாணத்துக்குப் போவேன், இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்று ஜன்னலைப் பக்கத்திலிருந்தவளிடம் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பெட்டி ஓட்டும் வெண்டலின் என் காலைப் பார்த்து, "அக்கா, பலகை எங்க? கைப்பை மேல உக்காந்தா சறுக்கிட்டு வரப்போறீங்க?" என்றான். "மனசு மாறறதுக்குள்ள கதவைச் சாத்துடா" என்றேன். முதல் தூண் வரை கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தேன். தூணைத் தாண்டும்போது பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது பார், "மாதாவே" என்று கத்திவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் கண்ணைத் திறந்தேன். கீழே நம் வீடு, கூரைமேல் உன் அப்பா. நான் சொன்ன பக்கத்தை விட்டுவிட்டுச் சுலபமான பக்கமாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

உச்சியில் இறங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலை, அதன் பின்னால் மலை, நம் பள்ளத்தாக்குக்கு அப்பால் இத்தனை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே கண்ணா. கரண்டியோடு வாசலுக்கு வந்த அத்தை என்னைப் பார்த்து வெளுத்துப்போய், "யாருடி செத்துட்டாங்க?" என்றாள். "யாரும் சாகல அண்ணி, சூப் ஊத்துங்க" என்றேன். உள்ளே போய்ச் சூப்பில் ஈரல் உருண்டை இரண்டு கூடுதலாகப் போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சூப் சுடுகிறது என்று சமாளித்தேன்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. பெட்டியில் ஆள் இறங்கினால் டாக்டருக்குச் சொல்லிவிடுவது வழக்கமில்லையா, மேல் நிலையத்தில் இருந்தவனும் பழக்கதோஷத்தில் என் பெயரைச் சொல்லித் தகவல் கொடுத்துவிட்டான். கீழே வந்து பார்த்தால் டாக்டரம்மா, தூக்குப் படுக்கை, பாதி ஊர், பனி மண்வெட்டியைக்கூடக் கீழே போடாமல் ஓடிவந்த அப்பா. "எங்க வலிக்குது?" என்றார் டாக்டரம்மா. "எங்கயும் வலிக்கல, மலை பாத்துட்டு வரேன்" என்று கைப்பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். பிறகு வெண்டலின் கைதட்ட ஆரம்பித்தான், எல்லோரும் தட்டினார்கள். அப்பா மட்டும், "அறிவிருக்கா உனக்கு, என் உயிரே போயிடுச்சு" என்று கத்திவிட்டு அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டார். மறுநாள் காலை சீட்டு ஜன்னலைத் திறக்கிறேன், இடுப்பு ஒடிந்து பத்து வருஷமாகப் பலகையைத் தொடாத தபால்காரர் மனைவி முதல் ஆளாக நிற்கிறாள். "எனக்கும் ஒண்ணு குடு, போக வர" என்றாள். குளிர்காலத்தில் யாரும் வாங்காத போக வரச் சீட்டை நான் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அங்கே இப்போது கோடையாமே, வெயிலில் தலையை மூடிக்கொள், டெஸாவோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் வாதாடாதே, அந்தக் குணம் அப்பாவுடையது. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் ஒன்றாக வாழ மாதா துணையிருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஏப்ரலில் தேவாலயத்தில் முன் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்து இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நோட்புர்கா