ஏழு மணிக்குள் வேங்கிக்கால்

மே 2, வெள்ளி

விமல்ராஜ் சார் மத்தியானம் லேபில் எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரையும் என்றால் என்னையும், கூட்டிப் பெருக்கும் அக்காவையும். ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து லேப் ஏழு மணிக்குத் திறக்குமாம். சுகர் பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் வாசலிலேயே வாடிப்போகிறார்கள், நியாயம்தான்.

"கீதாஞ்சலி, ஜூன் முடியறதுக்குள்ள ஏழு மணிக்கு நீங்க செட் ஆகலேன்னா ரத்தம் எடுக்க வேங்கிக்கால்லயே ஒரு பொண்ணு இருக்குது, அபிநயான்னு. நீங்க மத்தியானம் ரிப்போர்ட் டைப் பண்ண வந்துடுங்க."

டைப்பா? பதினோரு வருஷமாக ஊசி பிடிக்கிற கை இது. நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் எடுப்பேன். "அந்தம்மா வந்தாதான் குடுப்பேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து அடம்பிடிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைத் தவிர எனக்குப் பெருமைப்பட வேறென்ன இருக்கிறது? சமையல் சுமார்தான்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் 5.50 பஸ். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் 6.35. அங்கிருந்து வேங்கிக்கால் பஸ் கிளம்ப ஏழே கால். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் நகரும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஏழரைக்கு முன் போக முடியவில்லை.

மே 3, சனி

ஸ்கூட்டி வாங்கிக்கோ என்கிறார் இவர். இரண்டு வருஷம் முன்னால் ஸ்கூட்டியில் விழுந்துதான் இடது மணிக்கட்டில் பிளேட் வைத்தது. வலது கையும் போனால் டைப்கூட அடிக்க முடியாது.

மே 12, திங்கள். சித்ரா பௌர்ணமி

என் புத்தியை என்ன சொல்ல. போன வாரம் பழைய சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் போட்டேன். பஸ்ஸில் இறங்கு, சைக்கிளை எடு, இருபது நிமிஷத்தில் வேங்கிக்கால். நாலு நாள் ராணி மாதிரி போனேன்.

பதினோரு வருஷம் இந்த ஊருக்கு வந்துபோகிறவளுக்குப் பௌர்ணமி மறந்துபோனது. இன்று பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என் சைக்கிள் ஊருக்கு நடுவில் ஜனங்களுக்கு அந்தப் பக்கம். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். ஒருத்தர் மோர் கொடுத்தார், ஒருத்தர் விசிறி கொடுத்தார். புண்ணியம் கிடைத்தது, லேப் கிடைத்தது எட்டே முக்காலுக்கு.

மாதாமாதம் இதே கதைதான் வரும். என்கூடவே பஸ்ஸில் ஏறி, என்கூடவே இறங்குகிற சைக்கிள்தான் சரிப்படும்.

மே 18, ஞாயிறு

செங்கம் ரோட்டு ஆசிரமங்கள் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்கள் வெயில் தாங்காமல் ஊருக்குக் கிளம்பும்போது மிக்ஸி முதல் மெத்தை வரை விற்றுவிட்டுப் போவார்கள். மடிக்கிற சைக்கிள்கூட இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இவரை இழுத்துக்கொண்டு போனேன். மூன்று பார்த்தோம்.

முதலாவது பதினாறு இஞ்ச் சக்கரம். மடித்தால் காய்கறிக் கூடை அளவுதான், மனசு அப்படியே போய்விட்டது. ஏறி மிதித்தால் தையல் மெஷின்தான். கால் சுற்றுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இரண்டாவது பெரிய சக்கரம், ஓட்ட சுகம். மடித்துத் தூக்கினேன், இடுப்பு பேசியது. மூன்றாவது இருபது இஞ்ச், ஏழு கியர், அலுமினியம், அழுக்குப் பச்சை. ஒரு கையால் தூக்க முடிகிறது, அதுவும் வலது கையால். நடுவில் ஒரு கீல், ஒரு நெம்புகோல். இழுத்தால் இரண்டாக மடங்குகிறது.

இவர் கேட்டார்: "டயர் போச்சுன்னா எங்க போவே?"

நம்ம ஊர் மெக்கானிக் சின்னசாமி அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "இருபது இஞ்சா? ஸ்கூல் புள்ளைங்க வண்டிக்குப் போடறதும்மா, பொட்டிக்கடையில கேட்டாகூட கெடைக்கும். பதினாறுன்னா நீ மெட்ராஸுக்குத்தான் போவணும்."

அழுக்குப் பச்சைதான்.

மே 25, ஞாயிறு

காலையெல்லாம் சின்னசாமி அண்ணன் கடையில். வண்டியைச் சுற்றி இரண்டு முறை வந்தார். "இன்னாம்மா இது, பாதி வண்டி மாதிரி இருக்குது" என்றார். அப்புறம் கையை வைத்தார், மத்தியானம் சாப்பாடுகூட மறந்துவிட்டார்.

கைப்பிடி உசரத்தை ஏற்றினோம், பிளேட் வைத்த மணிக்கட்டில் பாரம் விழக் கூடாது என்று. பிடியில் தடித்த ரப்பர். முன்னால் செயின் வீலைப் பெரிசாக மாற்றினார். இப்போது ஒரு மிதிக்கு நல்ல தூரம் போகிறது. மட்கார்டு, பின்னால் சிவப்பு லைட், பால்காரர் மணி. மணி மட்டும் என் ஆசை.

மே 30, வெள்ளி

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வண்டிக்குப் பூஜை முடிந்திருக்கிறது. அத்தை, அதாவது இவருடைய அம்மா, தெருமுனை அம்மன் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், பூசாரியை வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, சந்தனம் அப்பி, காப்புக் கயிறும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மஞ்சள் கயிறு, ஒன்பது சுற்று, நடுவில் மஞ்சள் கிழங்கு, மேலே சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

கட்டியிருப்பது எங்கே? சரியாகக் கீல் மேல்.

ஜூன் 2, திங்கள்

முதல் நாளே மானம் போனது. கயிற்றோடு அப்படியே ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்பிப் போனேன்.

கண்டக்டர், "சைக்கிள்லாம் ஏத்தக் கூடாதும்மா" என்றார். மடிக்கிற சைக்கிள் அண்ணா என்றேன். "மடி பார்ப்போம்."

நான் எதை மடிக்க? நெம்புகோல் கயிற்றுக்கு அடியில். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. "மடிக்கவே மாட்டேங்குதே" என்றார் கண்டக்டர், விசில் அடித்தார், பஸ் போய்விட்டது.

அப்படியே மிதித்தேன். வேங்கிக்கால் வரை முழு தூரமும், இருபது கிலோமீட்டருக்கு மேலேயே இருக்கும். சோமாசிபாடியில் இறங்கி அழலாமா என்று யோசித்தேன், அழுதால் இன்னும் லேட்டாகும். போய்ச் சேர்ந்தது 7.50. வெறும் வயிற்றோடு ஆறு பேர். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜூன் 3, செவ்வாய்

கயிற்றை அவிழ்த்து கைப்பிடியில் கட்டிக்கலாமா அத்தை என்று கேட்டேன். "அது தானா அறுந்து விழணும். நாம கை வெக்கக் கூடாது. ஏற்கனவே ஒரு தடவ விழுந்தவ நீ." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இவரிடம் நியாயம் கேட்டேன். "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரல" என்று தன் உரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். வீர புருஷன்.

நாளையிலிருந்து 5.10க்கு மிதிக்க வேண்டியதுதான்.

ஜூன் 7, சனி

ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம். தொடை வலிக்கிறது, மணிக்கட்டு வலிக்கவில்லை. காலையில் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகிக்கொண்டே வருவதைப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போன பதினோரு வருஷமும் பார்த்ததில்லை. வெளியே சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

சோமாசிபாடி ஸ்டாப்பில் ஜோதியம்மாள் கை நீட்டி நிறுத்தினார். மாதாமாதம் சுகர் பார்க்க லேபுக்கு வருகிறவர், எழுபது வயது. "பஸ்ல ஏற முடியலம்மா, கும்பலு. நீதான் இப்பிடியே போறியே, இங்கயே எடுத்துனு போயேன்." சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன். பௌர்ணமி

கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயும் 6.50க்கு லேபில் இருந்தேன். ஆனால் யாருக்கு? கிழக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. ஜோதியம்மாளுக்குப் போன் செய்தேன். எட்டு மணி வரை பஸ்ஸுக்கு நின்று, மயக்கம் வந்து, வீட்டுக்குத் திரும்பி இட்லி சாப்பிட்டுவிட்டாராம்.

நான் அவர் எதிரிலேயே போனேனே.

ஜூன் 13, வெள்ளி

சாரிடம் கேட்டேன். வழியில் இருக்கிற ஊர்களில் வீட்டிலேயே எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று.

"சைக்கிள்லயா? குலுங்கி ரத்தம் வீணாப் போனா யாரு பதில் சொல்றது? மொதல்ல ஏழு மணிக்கு வர வழியப் பாருங்க."

எரிச்சலா வருது. நான் என்ன விளையாட்டுக்கா கேட்டேன்? ஆனா— குலுங்கும்தான். அது உண்மைதான்.

ஜூன் 15, ஞாயிறு

இவர் கையிலிருந்து ஒரு ட்யூப் எடுத்தேன். ஊசியைப் பார்த்ததும் உரக்கடை முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியைக் கேரியரில் கட்டி லேப் வரை மிதித்தேன். மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஸ் கலரில் இருந்தது. ரத்தம் உடைந்துவிட்டது. சார் சொன்னது சரி.

ஜூன் 17, செவ்வாய்

நல்ல மழை. நனைந்து நடுங்கி வீட்டுக்கு வந்தேன். அத்தை தலை துவட்ட வந்தார். "ஏம்மா, மழையில பஸ்ல வரக்கூடாதா?"

பொறுமை போய்விட்டது. "மடிச்சாத்தான் அத்தை பஸ்ல ஏத்துவாங்க. நீங்க கட்டின இடத்துலதான் அது மடியும்."

"வண்டி மடியுமா?"

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். இது மடிகிற வண்டி என்று அத்தையிடம் நான் சொல்லவே இல்லை! இவரும் சொல்லவில்லை. சைக்கிள் சிறிசாக இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"நடுவுல ஒட்டுப்போட்டிருந்துதே, யாரோ ஒடஞ்ச வண்டிய உன் தலையில கட்டிட்டாங்கன்னு நெனச்சேன். நீ சந்தோசமா இருந்தே, அதான் கேக்கல. ஒடஞ்ச எடத்துலதானே சாமிய வெச்சிக் கட்டணும்?"

பாக்குவெட்டியைத் தானே எடுத்துவந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கயிற்றை வெட்டினார். நான் வண்டியை மடித்துக் காட்டினேன். "அடி ஆத்தி" என்றார். திரும்ப விரிக்கச் சொன்னார். திரும்ப மடிக்கச் சொன்னார்.

ஜூன் 18, புதன்

அதே கண்டக்டர். மடித்தேன். "இப்ப மடியுதே" என்றார். லேபில் 6.55. சார் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். சீட் எனக்குத்தான்; அபிநயாவை வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம்.

ஜூன் 20, வெள்ளி

ஜன்னல் வழியாக ஜோதியம்மாளைப் பார்த்தேன். ஏறப் பார்த்தார், கும்பலில் முடியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. காலடியில் சைக்கிளை மடித்து வைத்துக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சின்னசாமி அண்ணன் லாரி ட்யூபை வார்வாராக வெட்டி, முன்பக்கம் ஒரு கம்பிச் சட்டத்தில் பெட்டியை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார். மடிக்கும்போது ஒரு கொக்கியைத் தட்டினால் பெட்டி தனியாக வந்துவிடும். டயரில் காற்றையும் கொஞ்சம் கம்மி செய்தார். ரத்த ட்யூபுகள் நிமிர்ந்து நிற்க உள்ளே பஞ்சு.

இவருடைய அடுத்த கை. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

மறுபடி லேப் வரை மிதித்து மெஷினில் சுற்றினேன். வைக்கோல் நிறம்! மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாரிடம் ட்யூபைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஏழு மணிக்கு சீட்டுல இருக்கப் போறீங்களா, ஊர் சுத்தப் போறீங்களா? சுத்தறதுன்னா அபிநயாவ எடுத்துடுவேன். ஜூலை பத்து வரைக்கும் டைம். ஒரு நாளைக்குப் பத்து பேர் தேறலேன்னா டைப்பிங்தான், அப்புறம் சீட்டு கேக்கக் கூடாது."

கையில் இருப்பதை விடுவதா? பயமாத்தான் இருக்கு. ஆனா ஜோதியம்மாள அந்த ஸ்டாப்புல பார்த்தபிறகு ஜன்னலோரம் எப்படி உக்கார்றது?

சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று பேர். வீடு வீடாக மிதித்து, சோமாசிபாடியில் மடித்து பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் விரித்து, லேபில் 8.10. என் நாற்காலியில் அபிநயா. நல்ல பெண், "அக்கா, குழந்தைக்கு எப்படி எடுக்கறது"னு கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். வயிறு எரியவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 4, வெள்ளி

ஐந்து. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஏழாவது கியர் எதற்கு என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 7, திங்கள்

ஏழு. பால்காரர் மணி அடித்தால் ஜோதியம்மாள் தெருவில் பாத்திரத்தோடு வருகிறார்கள். மணியை மாற்ற வேண்டும்.

ஜூலை 9, புதன்

ஒன்பது. நேற்றும் ஒன்பது. நாளை பத்தாம் தேதி, பௌர்ணமி வேறு. அத்தை எத்தனை என்று கேட்டார், சொன்னேன். சீக்கிரமே படுக்கப் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க வந்தால், அத்தை வாசல் படியில் வலது முழங்கைக்கு மேலே ஜாக்கெட்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தெட்டு வயதில் இன்று வரை ஒருத்தரையும் ஊசி குத்தவிட்டதில்லை.

"இன்னும் காபி குடிக்கல" என்றார். "சீக்கிரம் எடு. எனக்கு பயமா இருக்குது."

ஒரே குத்து. "ஆச்சா?" என்றார். ஆச்சு அத்தை என்றேன். ட்யூபில் அவர் பெயரை எழுதிப் பெட்டியில் முதலாவதாக வைத்தேன்.

பஸ் ஊருக்கு வெளியே நின்றது. விரித்து, தள்ளி, மிதித்து, லேபுக்குப் போனபோது 8.40. சார் இன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

மூடியைத் திறந்து முதல் ட்யூபை எடுத்துப் பெயரைப் படித்தார். "சந்திரம்மாள், கீழ்பென்னாத்தூர். புது ஆளா இருக்குது, யாரு இது?"

"முதல் வீடு சார்" என்றேன்.