கோட்டைப் புத்தகத்தில் உன் கையெழுத்து

ஈப்போ,
29.7.1979

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். நீ நலம் என்பதை எழுத்திலேயே பார்த்துவிட்டேன், அதனால் இந்தத் தடவை விசாரிக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நம் பழைய தோட்டத்தில் ரப்பரையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுகிறார்கள்.

ஆடி அமாவாசைக்குக் கோவில்காரர்கள் பினாங்குக்கு பஸ் விட்டார்கள், நானும் போனேன். கடலில் குளித்த பிறகு துறைமுகத்துக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். ஜப்பான்காரன் காலத்தில் உன் பெரியப்பா சின்னையாவைத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிப்போய் அங்கேதான் வேலை வாங்கினார்கள் என்று, தப்பி வந்த ஒருவர் சொன்னது உனக்குத் தெரியும். அண்ணன் வரவே இல்லை. செத்த நாள் தெரியாததால்தான் அமாவாசையில் படைக்கிறோம். நான் வந்ததும் ரெண்டு பேரும் போய் அங்கே சூடம் கொளுத்துவோம் அப்பா என்று, லண்டனுக்குப் படிக்கப் புறப்படும்போது சொன்னவன் நீ. ஆறு வருஷம் காத்திருந்துவிட்டு இப்போது தனியாகக் கொளுத்தினேன். பீரங்கிக்குப் பக்கத்தில் காற்று அதிகம், மூன்று தடவை அணைந்தது.

வாசலில் வருகிறவர்கள் பெயர் எழுதும் புத்தகம் இருந்தது. அண்ணன் பெயரை எழுதலாம் என்று, மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் எனப் புரட்டினேன். ஜூன் பதினெட்டாம் தேதியில் உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் கோடு போடுவது பள்ளிக்கூடத்திலிருந்தே உன் வழக்கம். கூட வந்த பக்கத்து வீட்டு ஜெயபாலனை அந்த இங்கிலீஷை வாசிக்கச் சொன்னேன். மிஸ்டர் அண்ட் மிஸஸ் பி. அர்ச்சுனன், லண்டன் என்றான். வேற அர்ச்சுனனா இருக்கும்லா அண்ணே என்று சமாதானமும் சொன்னான். என் முதலெழுத்தை மட்டும் நீ மறக்கவில்லை. அண்ணன் பெயரை எழுதாமலே திரும்பிவிட்டேன்.

பரீட்சை, லீவு இல்லை, அடுத்த வருஷம்தான் வருவேன் என்ற உன் கடிதமும் அதே ஜூனில்தான் வந்தது. பினாங்கிலிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். நீ யாரைக் கட்டியிருந்தாலும் நாலு நாள் கத்திவிட்டு ஐந்தாம் நாள் சோறு போட்டிருப்பேன். ஆனால் ஏப்ரலில் உன்னைக் கேட்டுத்தானே தைப்பிங்கில் நவமணிக்குப் பூ வைத்தோம்? உங்கள் இஷ்டம் அப்பா என்று எழுதியதும் நீதானே? அந்தப் பெண் தலையில் அம்மா வைத்த பூவுக்கு இப்போது யார் பதில் சொல்வது? நீ செய்தது துரோகம், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் சொல்லாமல்தான் போனான். அவனைத் துப்பாக்கி காட்டி ஏற்றினார்கள். உனக்கு யார் துப்பாக்கி காட்டினார்கள்?

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. முகம் ஏன் இப்படி இருக்கு என்று கேட்டதற்கு ஃபெரியில் தலைசுற்றல் என்றேன். இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் போய்ப் பெண் வீட்டாரின் காலில் விழுவதும் என் பாடு. நவமணிக்கு மட்டும் நீயே உன் கையால் எழுது, அதை நான் செய்ய முடியாது. குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொள், நெஞ்சுச்சளி உனக்கு ஆகாது.

அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறாள். விஷயம் தெரிந்தால் ஒரு வாரம் அழுவாள், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் பெயரையும் கேட்பாள். புத்தகத்தில் மிஸஸ் என்று மட்டும்தான் இருந்தது. மறக்காமல் எழுதி அனுப்பு.

உனக்கும், பெயர் தெரியாத என் மருமகளுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்துமலை