அம்மா நட்ட செலரி

ஜூலை 9

அம்மா தோட்டத்தில் பாதியைச் செலரிக்கே கொடுத்துவிட்டாள். லான்காஸ்டரில், கார்கூட வைத்துக்கொள்ளாத எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவர் வீட்டில் இவ்வளவு செலரி நட்டால், இலை உதிரும் காலத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று அர்த்தம். விருந்துக்கு அவ்வளவு தேவைப்படும். யாரும் வாயால் சொல்ல மாட்டோம், பாத்தியே சொல்லிவிடும். வேலியோரம் வந்த பக்கத்துப் பண்ணை சேடி சித்தி என்னைப் பார்த்து, "என்ன மலிண்டா, முயல் வளர்க்கப் போறீங்களா?" என்றாள். அம்மா தலை நிமிராமல், "சூப்புக்குத்தான்" என்றாள்.

என்னோடு பழகும் பென்யுவல், கல்யாணம் என்ற வார்த்தையையே இன்னும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா எங்கள் இருவரையுமே கேட்கவில்லை.

ஜூலை 26

ஞானஸ்நான வகுப்பு. ஏன் சேர்ந்தேன்? வசந்தத்தில் குதிரை வண்டியில் வைத்து பென்யுவல், "இந்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துடலாமா?" என்றான். ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்குச் சபையில் கல்யாணம் கிடையாது. சரி என்றேன். எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியபோதும் சரி. சந்தைக் கடையில் ரொட்டி விற்கப் போகச் சொன்னபோதும் சரி. என் கல்லறையிலும் 'சரி' என்றே எழுதிவிடலாம்.

ஆகஸ்ட் 5

செலரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இந்தச் சனியனுக்கு எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

பென்யுவல் வந்தான். வண்டியில் இல்லை, நடந்து.

"நாளைக்கு வகுப்புக்கு நான் வரலை மலிண்டா. எனக்கு அந்த நம்பிக்கை வரலை. ஞானஸ்நானத்துக்கு மண்டி போட்டா பொய்யாப் போயிடும்."

"இதை இப்ப வந்து சொல்றியா?"

"சபையை விட்டுப் போறேன், நீயும் வா. இப்பவே போனா யாரும் விலக்கி வைக்க மாட்டாங்க. ஞானஸ்நானம் வாங்கிட்டுப் போனா, உங்க அம்மாவோட ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிட முடியாது. யோசிச்சுப் பாரு."

யோசிக்கணுமாம். கோடை முழுக்க நான் தண்ணி ஊத்தினப்ப வாயில என்ன இருந்துச்சு அவனுக்கு?

செப்டம்பர் 19, சனி

வகுப்பின் கடைசி நாள். அவன் நாற்காலி காலி. பிஷப் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். "திரும்பிப் போகணும்னா இன்னைக்கே போயிடு மகளே. யாரும் தப்பா நினைக்க மாட்டோம். நாளைக்கு வாக்குக் கொடுத்துட்டா அது கடைசி வரைக்கும்."

உனக்கு என்ன வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். அந்த நேரத்தில் என் மனத்தில் கர்த்தர் இருந்தாரா? இல்லை. காலி நாற்காலி இருந்தது. இவன் இல்லாவிட்டால் நான் இல்லையா என்ற வீம்பு இருந்தது. ஆனால் தெரிந்தேதான் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. "நான் திரும்பலை" என்றேன்.

செப்டம்பர் 20

தலையில் தண்ணீர் வழிந்தது. அம்மா அழுதாள். நான் அழவில்லை.

அக்டோபர் 25

சபையில் கல்யாண அறிவிப்புகளை வாசித்தார்கள். எங்கள் பெயர் இல்லை. செலரி இடுப்பு உயரம் நிற்கிறது, போகிற வருகிற வண்டியெல்லாம் பார்க்க. சேடி சித்தி இப்போது கிண்டல் செய்வதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று கத்திவிட்டேன். "நடும்போது என்னைக் கேட்டியாம்மா?"

"நீ எதையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கியாடி, கேக்கறதுக்கு?"



நவம்பர் 19

செலரி முழுவதும் சித்தப்பா மகள் வெர்னாவின் கல்யாணத்துக்குப் போயிற்று. நானே பிடுங்கி, நானே மண் போகக் கழுவி, ஜாடிகளில் பூப்போல நிறுத்தி மேஜைமேஜையாக வைத்தேன். "அடுத்தது நீதான்" என்றாள் ஒரு கிழவி. சிரித்துவைத்தேன்.

டிசம்பர் 2

களஞ்சியக் கதவு பெயர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அப்பா கூப்பிட்டு பென்யுவல் வந்தான், ட்ரக் ஓட்டிக்கொண்டு. மதியம் அப்பா, "உட்காருப்பா, சாப்பிட்டுப் போ" என்றார். அவன் வாக்கே கொடுக்காதவன். மீற ஒன்றுமில்லை, விலக்கும் இல்லை. என் எதிரில் உட்கார்ந்து, அம்மா பரிமாறப் பரிமாற இரண்டு தடவை உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டான்.

வெளியே வந்து கேட்டான். "இப்பவும் வர்றியா?"

வாய்வரை வந்துவிட்டது, அந்தப் பழைய சரி. பிடித்திருக்கிறது அவனை, இன்னமும். போனால் அவன் எப்போது வேண்டுமானாலும் இந்த வீட்டில் வந்து சாப்பிடலாம். நான் வந்தால் அம்மா எனக்கு மட்டும் மூலையில் தனி மேஜை போடுவாள். போட்டுவிட்டு அழுவாள். ஆனாலும் போடுவாள்.

"இல்ல" என்றேன்.

"வீம்பா?"

"அன்னைக்கு வீம்பு. இன்னைக்கு இல்ல."

ட்ரக் சத்தம் அடங்கும்வரை முற்றத்தில் நின்றிருந்தேன். வீம்பாகவே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 3

அம்மா விதைத் தட்டுகளை ஜன்னலோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். செலரி விதையை உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு போடட்டும் மலிண்டா?"

கேட்டுவிட்டாள். இப்போது.

"சூப்புக்கு மட்டும் போடும்மா" என்றேன்.

மிச்ச விதையை மறுபடி பொட்டலத்தில் கொட்டி, மடித்து, மேல் அலமாரியில் வைத்தாள்.