நான்கு டம்ளர் புளித்தண்ணீர்

சிதம்பரம், 7-2-1944, திங்கள்
விஞ்ஞானப் பாடத்துக்கு வாங்கப் போனால், கடையில் டார்ச் செல் இல்லை. யுத்தம் முடிந்தபின் வரச் சொல்கிறார்கள். ஆகவே நானும் ஐந்தாம் வகுப்புப் பெண்களும் நாங்களே மின்கலம் செய்யப்போகிறோம். நான்கு டம்ளர் புளித்தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு செப்புத் தகடு, செத்த செல்லிலிருந்து உரித்தெடுத்த துத்தநாகத் தகடு ஒன்று. கம்பியால் கோர்த்து, மீதிக் கம்பியைத் திசைகாட்டியின் மேல் சுற்றினால் ஊசி திரும்ப வேண்டும். திசைகாட்டி பரங்கிப்பேட்டைப் படகுக்காரர் ஒருவரிடம் இரவல்.

பள்ளி மேனேஜர் கனகசபேசன் எட்டிப் பார்த்தார். "பொம்பளைப் பசங்களுக்கு இன்னாத்துக்கும்மா இது? பதினெட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் பார்த்து சரின்னா இருக்கட்டும். இல்லாட்டி ஜூன்லேர்ந்து தையல்தான்."

எனக்குத் தையல் வராது.

9-2-44, புதன்
ஊசி திரும்பியது. இருபத்திரண்டு பெண்களும் திசைகாட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். பாலாம்பாள், "நாம வேண்டிக்கிட்டதாலயா டீச்சர்?" என்றாள். வேண்டுதல் ஊசிக்குத் தெரியாது, புளிப்புதான் தெரியும் என்றேன். பெரிய மேதாவி மாதிரி.

17-2-44
நாளைக்கு. டம்ளர்களை இரண்டாம் தடவை கழுவி வைத்தேன்.

18-2-44, வெள்ளி
திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷம் குனிந்து பார்த்தார். ஊசி வடக்கைக் காட்டியது. அதன் வேலை அதுதான்.

அவர் போனதும் பாலாம்பாள் அழுதாள். "சபாநாயகர் கோயில் விபூதி டீச்சர். நல்லபடியா ஆவணும்னு நாலு டம்ளர்லயும் பொட்டலத்தைக் கொட்டினேன். புஸ்ஸுனு நுரைச்சுது."

சாம்பல் புளிப்பை முறித்துவிடும். "எல்லாம் உன்னாலதான் போச்சு" என்று அத்தனை பேர் எதிரிலும் கத்திவிட்டேன். பத்து வயசுப் பிள்ளை.

21-2-44, திங்கள்
பாலாம்பாள் வரவில்லை. அவள் அம்மா பார்வதம் வந்தாள். "சோறு திங்க மாட்டேங்குறா. அப்படி இன்னா சொன்னீங்க டீச்சர்?"

அவளிடம் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன், நானும் டம்ளருக்கு ஒரு சிட்டிகை விபூதி போட்டேன். சாம்பல் என்ன செய்யும் என்று தெரியும். தெரிந்தும் கை போயிற்று. ஏன்? பயம், வேறென்ன. என் சிட்டிகையால் புளிப்பு முறிந்திருக்காது, அவள் பொட்டலம்தான் முறித்தது. ரசாயனப்படி நான் குற்றமற்றவள் — சீ.

22-2-44
நானே போய் அவளை அழைத்து வந்தேன். வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "நீங்க எந்தக் கோயில் விபூதி போட்டீங்க டீச்சர்?" என்று பாலாம்பாள் கேட்டாள். வீட்டில் இருந்தது என்றேன். அவளுக்கு அதில் திருப்தியில்லை.

பிறகு புதுப் புளித்தண்ணீர் ஊற்றி, ஊசி திரும்பியதும், டம்ளருக்கு ஒவ்வொரு சிட்டிகையாக அவளையே போடச் சொன்னேன். ஒன்பதாவது சிட்டிகையில் ஊசி வடக்குக்கே போய்விட்டது. ஊசி திரும்பியதையும் நின்றதையும் பெண்கள் இன்ஸ்பெக்டருக்குக் கடிதமாக எழுதினார்கள். 'டீச்சர் போட்டது டம்ளருக்கு ஒரு சிட்டிகை. பாலாம்பாள் போட்டது ஒரு பொட்டலம்.' கீழே இருபத்திரண்டு கையெழுத்து. என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

16-6-44, வெள்ளி
அதே பெண்கள், இப்போது ஆறாம் வகுப்பு. மூன்றாம் பீரியட், விஞ்ஞானம். "இன்ஸ்பெக்டர் நடத்தலாம்னு எழுதிட்டாரு, நான் இன்னா பண்றது" என்றார் மேனேஜர். தையல் நாலாம் பீரியடுக்குப் போயிற்று, அதற்கு வேறு டீச்சர்.

டம்ளர்களைத் தொடுவதற்கு முன் பாலாம்பாள் கை கழுவினாள். பிறகு செம்பை என் பக்கம் சாய்த்தாள். நானும் கழுவிக்கொண்டேன்.